அங்கலக்குறிச்சியில் இறங்காத சும்மாக்காரர்

என் தையல் கடையின் மேல்மாடியில் செவியர்கள் குடியிருக்கிறார்கள். சேதி கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்களுடைய தொழில். ஒரு சேதிக்கு மூன்று பேர் போவார்கள். ஒருவர் சொற்களை மட்டும் கொண்டுபோவார். அடுத்தவர் அவற்றைச் சொன்ன குரலைக் கொண்டுபோவார். மூன்றாமவர் பேச்சுக்கு நடுவில் பேசாமல் இருந்த இடத்தைக் கொண்டுபோவார். முதலாமவர் சொல்காரர், இரண்டாமவர் குரல்காரர். மூன்றாமவரைப் பொள்ளாச்சியில் எல்லோரும் சும்மாக்காரர் என்பார்கள்.

ஆள் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வருவார்கள். உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் பூமயிர். காது மட்டும் தோள்வரை தொங்கும். சேதியைக் காதில் வாங்கியதும் காதை மடித்துத் துணியால் கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் வழியில் சிந்தும். அந்தக் காதுக்கட்டுகளை நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். பருத்தித் துணிதான் சரிப்படும். பாலியஸ்டரில் கட்டினால் குரல் கமறிவிடுகிறது. போன் இருக்கும்போது இவர்கள் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அப்படி ஒரு சேதி சொல்ல வேண்டிய நிலைமை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

மாடியை நடத்துவது கோடை என்கிற மேஸ்திரியம்மா. பிறந்த அன்றைக்கு என்ன வானிலையோ அதுதான் அவர்களுக்குப் பெயர். காலையில் அவர் கை தட்டியதும் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். முந்தின நாள் யாருக்கும் யாருக்கும் சண்டையோ அவர்களைப் பார்த்து ஒரே குழுவில் போடுவார். சிநேகிதர்களைச் சேர்த்து அனுப்பினால் வழியெல்லாம் வாய் ஓயாது, அடுத்தவர் சேதியோடு இவர்கள் கதையும் கலந்துவிடும் என்பது அவர் எண்ணம். வேலையில் இருக்கும்போது இட்லிதான் சாப்பாடு. முறுக்குக்கு அனுமதி இல்லை. முன்பு ஒரு சம்பந்தம் பேசிய சேதி முறுக்குச் சத்தத்தோடு போய், பெண் வீட்டார் பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை காது சுத்தம் செய்கிற நாள். யாருக்கும் போய்ச் சேராமல் காதோரம் ஒட்டிக்கிடக்கும் ‘அப்புறம்’, ‘வந்து’, ‘ம்’ எல்லாவற்றையும் தட்டிக் கூட்டி ஓட்டின் மேல் போடுவார்கள். காக்கைகள் பொறுக்கித் தின்னும். எங்கள் தெருக் காக்கைகள் ‘அப்புறம், அப்புறம்’ என்றுதான் கரைகின்றன.

சும்மாக்காரர்களை ஊரில் கேலி செய்வார்கள். சும்மா இருப்பதற்கு ஒரு ஆளா, அதற்கு ஒரு வேளைச் சோறா என்பார்கள். லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு பேர் போதும் என்று அடம்பிடித்து, சம்பந்தி வீட்டுத் துக்கத்துக்கு ஆறுதல் சேதியைச் சொல்காரர், குரல்காரரிடம் மட்டும் கொடுத்து அனுப்பினார். நடுவில் ஓர் இடமும் இல்லாமல் அது ஏலம் விடுகிற மாதிரி போய் இறங்கியது. அந்தச் சம்பந்தி இன்றுவரை லாட்ஜ் பக்கம் வருவதில்லை. மாடியில் அந்தக் கேலி எல்லாம் கிடையாது. அங்கே முதல் இட்லி சும்மாக்காரருக்குத்தான்.

வழியில் நடக்க ஒரு முறை இருக்கிறது. சொல்காரர் முன்னால் போவார். சும்மாக்காரர் நடுவில். குரல்காரர் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்து வருவார். நடுவில் வருகிறவரை மற்ற இருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பார்வை உள்ளே போய் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். சேர வேண்டிய வாசலில் சொல்காரர் காதை அவிழ்த்ததும் சொற்கள் அவர் இஷ்டத்துக்கு நிற்காது, குழாயைத் திறந்த மாதிரி வந்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் சும்மாக்காரர் கையை வைத்து அடைத்துப் பிடிப்பார். தன்னிடம் உள்ளது முழுக்க இறங்கிய பிறகுதான் கையை எடுப்பார்.

குளிர் நாளில் பிறந்த தணுப்பு என்கிற சும்மாக்காரர் இவர்களில் கெட்டிக்காரர். பிறக்கும்போதே அவருக்கு ஒற்றைக் காதுதான். அதனால் ஒரு பக்கம் வாங்கியது மறுபக்கம் போகாது. ரொம்பக் கனமான சேதி என்றால் கோடை அவரைத்தான் அனுப்புவார். ஆவணி மாதம் அவர் வால்பாறை பஸ் ஸ்டாண்டில் வேலையில் இருந்தார்.

வால்பாறையில் ராக்கியண்ணன் மெஸ் வைத்திருக்கிறார். சிவகாமி அவர் மனைவி. சட்னி, குழம்பு எல்லாம் அவள் கை. அவர்களுக்குள் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. அதுதான் சிக்கல். அவள் பேசுவாள், அவர் தோசையைத் திருப்புவார். “செவுத்தோட குடித்தனம் பண்ண என்னால ஆகாதுங்க்கா” என்று ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தபோது ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அடுத்த மாதம் மலையிறங்கி, அங்கலக்குறிச்சியில் அண்ணன் தோப்பு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை. இரண்டு மாம்பழக் காலம் போய்விட்டது.

அண்ணன் சும்மா இருப்பாரா. அகமதாபாத்தில் தன் சிநேகிதர் நடத்தும் மெஸ்ஸில் தங்கைக்குச் சமையல் வேலை பேசி முடித்து, சனிக்கிழமைக்கு ரயிலும் பதிவு செய்துவிட்டார். அந்தப் பேச்சு மளிகை லாரியோடு மலையேறி ராக்கியண்ணன் காதுக்குப் போனது. அவர் தோசைக்கல் அடுப்பை அணைத்துவிட்டு, தோளில் துண்டோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேதி சொன்னார். “வந்தீன்னா சந்தோசம்” என்றார். அதன் பிறகு பேசவில்லை. வெகு நேரம் பேசாததைப் பார்த்துச் சேதி முடிந்தது என்று நினைத்துச் சொல்காரர் காதைக் கட்டவே தொடங்கிவிட்டார். அப்புறம்தான் “வராட்டியும் பரவால்ல” என்றார். அந்த நடு இடம் முழுவதும் தணுப்பின் ஒற்றைக் காதுக்குள் போயிற்று. காது மூட்டை மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்குப் பஸ்ஸில் சந்தைக் கூட்டம். சொல்காரர் முன்பக்கமும் குரல்காரர் பின்பக்கமுமாக நின்றார்கள். தணுப்பு நடுவில் இரண்டு கேரட் மூட்டைகளுக்கு இடையே மாட்டிக்கொண்டார். அங்கலக்குறிச்சி வந்ததும் சொல்காரர் முன்படியில் இறங்கினார். குரல்காரர் பின்படியில் பின்னோக்கி இறங்கினார். தணுப்பு வழி கேட்க வாயைத் திறந்தார். அவரிடம் இருந்தது பேசாமை மட்டும்தான், அதுதான் வெளியே வந்தது. சுற்றி நின்றவர்களும் பேச்சை நிறுத்தி, நகராமல் நின்றார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

இறங்கிய இரண்டு பேரும் நடுவில் ஆளுக்கு இடம் விட்டு, முறைப்படி பார்க்காமலே நடந்து தோப்பு வீட்டுக்குப் போனார்கள். சிவகாமி தேங்காய்க் களத்தில் நின்றிருந்தாள். சொல்காரர் காதை அவிழ்த்தார். “வந்தீன்னா சந்தோசம் வராட்டியும் பரவால்ல” என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. குரல் என்னவோ தாழ்ந்த குரல்தான். நடுவில் இடமில்லாமல் கேட்டால் அது தூக்கக் கலக்கத்தில் சொன்ன மாதிரி இருக்கும். சிவகாமி இரண்டு பேருக்கும் இளநீர் கொடுத்தாள். மூன்றாவது இளநீரை வாங்க ஆளில்லாததைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

தணுப்பு பொள்ளாச்சியில் இறங்கி நடந்து வந்தார். பஸ் ஸ்டாண்டில் அவர் கடந்துபோன பக்கம் மைக்கில் பழனி வண்டிக்குக் கூவிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். டீக்கடையில் கைகலப்புக்குப் போன இருவர், ஓங்கிய கையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு டீ சொன்னார்கள். அவர் மாடி ஏறியதும் மாடியில் கட்டிவைத்திருந்த மற்ற சேதிகள் எல்லாம் நடுநடுவே நின்றுபோயின. ஒரு கடன் மறுப்புச் சேதி அதனாலேயே கெட்டு, மறுப்பா இல்லையா என்று தெரியாமல் ஆகிவிட்டது. கோடை இறங்கி வந்து, அவரைக் கீழே கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நான் துணிக்கட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன்.

கனம் தாங்காமல் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டு பிய்ந்துவிடுமோ என்று இன்னொரு சுற்றுச் சுற்றினேன். இட்லி வைத்தால் பார்த்தார், சாப்பிடவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தால் பாதித் தையலில் என் கால் தானாக நின்றுவிடும். எதையோ சொல்ல வேண்டும் என்று தோன்றும், சொல்ல வராது. எனக்கு அழுகையாக வந்தது. ராக்கியண்ணனுடைய சமாசாரத்தைத் தூக்கிக்கொண்டு இந்த மனிதர் இப்படிக் கிடக்கிறாரே என்று மனசு ஆறவில்லை.

இறக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கோடையிடம் கேட்டேன். மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தினமும் ஒரு தட்டில் சாப்பாடு வைக்கிறோமே, அது யாருக்கு என்று நினைத்தீர்கள் என்றார். பழைய சும்மாக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். இறக்க முடியாமல் போன இடைவெளி ஒன்றோடு அவர் முழுக்கச் சும்மாவாகிவிட்டார். கண்ணுக்குத் தெரிவதில்லை. தட்டு மட்டும் காலியாகும்.

அப்படியானால் தணுப்பைத் தோப்பு வீட்டுக்கே கொண்டுபோய் விடலாமே என்றேன். முடியாது என்றார் கோடை. ஒரே சேதிக்கு ஒரே வாசலில் இரண்டு தடவை நின்றால் அது சேதி இல்லை, கெஞ்சல். கெஞ்சலைச் சேர்க்கச் சொல்லி ராக்கியண்ணன் கேட்கவில்லை. மேலும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல் இல்லாவிட்டால் இடைவெளி என்பதே கிடையாது. வெறுமனே ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் ஆகும். உட்கார்ந்திருக்க அந்த வீட்டில் அண்ணனே இருக்கிறார்.

சொற்களை மறுபடியும் வாங்கிவரலாம் என்று வேறு மூன்று பேரை மலைக்கு அனுப்பினார். அவர்கள் காது வீங்கித் திரும்பி வந்தார்கள். ராக்கியண்ணன் தன் பேசாமையைக் கொடுத்துவிட்டதால் இப்போது வாய் மூடுவதில்லையாம். உப்பு விலை, மழை, எருமை, மிக்ஸி ரிப்பேர் என்று பேசிக்கொண்டே இருக்கிறாராம். சாப்பிட வருகிறவர்கள் பார்சல் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்களாம். அவர் சொன்னது எல்லாவற்றையும் மாடியில் அவிழ்த்துப் பார்த்தோம். சிவகாமிக்கான சொற்கள் அதில் எங்கேயோ எருமைக்கும் மிக்ஸிக்கும் நடுவே கிடந்தன. பிரித்தெடுக்க முடியவில்லை.

சனிக்கிழமை வந்துவிட்டது. கோவைக்குப் போகும் வழியில், பயணத்துக்கென்று தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொள்ள சிவகாமி கடைக்கு வந்தாள். அண்ணன் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். புதுச் சேலை கட்டியிருந்தாள். முகத்தில் ஒரு களையும் இல்லை. தணுப்பு துணிக்கட்டில் சாய்ந்து கிடந்தார். கோடை மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்து, சீப்பால் காதைச் சீவிக்கொண்டிருந்தார். இவளாக வந்து நிற்கிறாள், நாம் இவள் வாசலுக்குப் போகவில்லை, அதனால் முறை தவறவில்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொற்களைத் தேடி மலைக்கு எதற்குப் போக வேண்டும்? சேர்த்தாகிவிட்ட சொற்கள் சேர்ந்தவளிடம்தானே இருக்கும்.

“ஏஞ்சிவகாமி, உங்கூட்டுக்காரர் என்ன சொல்லியுட்டாருன்னு ஒருக்காச் சொல்லு” என்றேன்.

“என்னத்தச் சொல்றதுங்க்கா. வந்தீன்னா சந்தோசம் வராட்டியும் பரவால்லையாமா. பக்கத்தூட்டுக் கோழியக் கூப்புடற மாதிரி” என்றாள்.

ஜாக்கெட்டுகளை மடித்துக்கொண்டே, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நான் தணுப்பைத் தூக்கி வெட்டுமேசை மேல் நிறுத்தி, காதுக்கட்டை அவிழ்த்தேன். அவருக்குச் சொற்கள் தெரியாது. தன்னுடைய இடம் எது என்று மட்டும் தெரியும். சிவகாமி “வந்தீன்னா சந்தோசம்” என்றாள். தணுப்பு எட்டி அவள் வாய்மேல் கையை வைத்தார்.

மின்விசிறி சுற்றியது, சத்தம் இல்லை. தெருவில் ஆட்டோக்கள் போயின, அதற்கும் சத்தம் இல்லை. பக்கத்தில் நின்றதால் என் மேலும் கொஞ்சம் பட்டது. ராக்கியண்ணன் துண்டில் கையைத் துடைக்கிறார். துடைத்த கையை மறுபடியும் துடைக்கிறார். காலையில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைக்கிறார். அவள் விட்டுப்போன ரப்பர் செருப்பை மழைக்கு நனையாமல் நகர்த்தி வைக்கிறார். வா என்று சொல்ல வாய் வருகிறது. அவளுக்குப் பிடிக்காத இடத்துக்கு எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று நிற்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார்.

சிவகாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் தணுப்பின் கையில் வழிந்தது. அண்ணன் பெட்டியோடு வாசலில் வந்து நின்று, நேரமாயிற்று என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அங்கேயே நின்றார். கோவை பஸ் ஒன்று போயிற்று, பின்னாலேயே இன்னொன்றும் போயிற்று. வெயில் வாசலைவிட்டு இறங்கி எதிர்ச்சுவருக்குப் போன பிறகுதான் தணுப்பு கையை எடுத்தார். அவர் காது துவைத்துப் போட்ட துணி மாதிரி தொங்கியது.

“மிச்சத்தையும் சொல்லிப்போடுங்க அம்மிணி. எங்க வேலை முடியோணுமில்லீங்க” என்றார் கோடை.

சிவகாமி தலையை ஆட்டினாள். “அது எனக்கு வேண்டாமுங்க” என்றாள்.

நாக்கு நுனியில் நின்றதை முந்தானையால் துடைத்து வெட்டுமேசை மேல் வைத்தாள். அண்ணன் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். ரயில் போயிருக்கும் என்று அண்ணன் சொன்னார். போகட்டும் என்றாள். அவள் வால்பாறை பஸ் நிற்கும் பக்கமாக நடப்பதைக் கடைவாசலில் நின்று பார்த்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜாக்கெட்டுகளை மறந்து விட்டுப் போயிருந்தாள், ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

தணுப்பு பிறகு சட்டியில் இருந்த இட்லி முழுவதையும் சாப்பிட்டார். இத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு, சட்னியில் உப்புக் குறைவு என்பது. அன்றைக்கு மாலையே மெஸ்ஸை இழுத்து மூடிவிட்டார்கள் என்றும், உள்ளே இரண்டு பேரும் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்றும், சாப்பிட வந்த எஸ்டேட் ஆட்கள் வெளியே சத்தம் போடாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள் என்றும் வால்பாறைக் குழு சொல்லி அனுப்பியது.

மேசைமேல் கிடந்த ‘வராட்டியும் பரவால்ல’வை என்ன செய்வது என்று தெரியவில்லை. துணி வெட்டும்போது கத்தரி பட்டுவிடும் என்று பட்டன் இழுப்பறையில் பஞ்சு போட்டு வைத்தேன். முதலில் அது அதையே முனகிக்கொண்டிருந்தது. புரட்டாசியில் முனகல் நின்றது. ஐப்பசி மழை பிடித்த வாரம் வெள்ளைப் பட்டன் எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். பஞ்சுக்குள் அது சுருண்டு படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் பூமயிர். இரண்டு காதும் முளைத்திருந்தன.

கோடையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல கனம் என்றார். அன்றைக்கே மூன்று பேரை வால்பாறைக்கு அனுப்பி, குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். சிவகாமி கையில் கம்பளித் துணியும் பால் புட்டியும் இருந்தன. ராக்கியண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சிவகாமி காத்திருந்தாள்.

“காது உங்கப்பாவாட்டவே இருக்குது” என்றார்.

கோடையிடம் எத்தனை வயதில் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று சிவகாமி கேட்டாள். அதெல்லாம் அதுவாக நடக்கத் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் குளிரில் காட்டாதீர்கள் என்றார் கோடை. கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மழையாக இருந்ததால் நானும் குடையோடு பஸ் வரைக்கும் போனேன். கண்டக்டர் கம்பளியை விலக்கிப் பார்த்துவிட்டு, கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்று இரண்டு டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுத்தார்.